கொழுப்பு என்ன, பகையா?

"எங்க வீட்டிலே கொழுப்பே சேர்க்கிறதில்லைங்க!" என்று பெருமையாகச் சொல்லும் சகோதரிகளை நிறையப் பார்க்கிறேன். பெரியவர்கள் அளவோடு சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் ஓர் இளம் தாய், ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் ஆடை நீக்கிய பாலையே கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பகீரென்றது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக் கொடுத்தவள் நான். கொழுப்பு என்பது என்ன, அது எதற்கு வேண்டும் என்று கொஞ்சம் பேசலாமா?

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து போகிறது. அதே அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. ஏன்? நெய்யோ எண்ணெயோ, கண்ணுக்குத் தெரியாத அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசரால் என்ற சின்னக் கொக்கியில் மூன்று கொழுப்பு அமிலங்கள் வால் போலத் தொங்குகின்றன. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நேரான வால்கள். நேரான விறகு நெருக்கமாக அடுங்கும் இல்லையா? அதேபோல இவையும் நெருங்கி, சுமார் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். இதுதான் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் பெரும்பாலும் வளைந்த வால்கள். கோணல் சுள்ளி நெருங்கி அடுங்காது. அதனால் அது இளகியே இருக்கும். இது நிறைவுறாத கொழுப்பு.

வனஸ்பதி செய்ய எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். அப்போது சில வால்கள் வளைவு நிமிர்ந்து 'டிரான்ஸ்' கொழுப்பாக மாறக்கூடும். இதயத்துக்கு மிகவும் கெடுதல் இதுதான். 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், வனஸ்பதி எதிலும் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

சரி, உடம்புக்குக் கொழுப்பு எதற்கு? ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். அரிசியின் மாவுச்சத்து 4தான் தரும். கொஞ்சமாகச் சாப்பிடும் சின்ன வயிற்றுக்கு இது பெரிய உதவி. தாய்ப்பாலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது.

அதைவிட முக்கியம், உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மேலுறையே கொழுப்புதான். பாஸ்போலிப்பிட் என்ற வகை அது. அதன் தலை தண்ணீரை நாடும்; வால் தண்ணீருக்குப் பயந்து ஒதுங்கும். அதனால் வால்களை உள்ளே மறைத்து, இரண்டு வரிசையாக நின்று உறை போடுகிறது. மூளையில் தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் கொழுப்பே!

கொலஸ்ட்ராலும் முழுக்க வில்லன் அல்ல. பித்தநீர், ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாம் அதிலிருந்து உண்டாகின்றன. நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு மீறும்போதுதான் தொல்லை. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய் பாட்டிலில் போட்டிருந்தால் மயங்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே அது இல்லை என்றே சொல்லலாம்.

1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி நின்றது, தோல் செதில் செதிலாக உரிந்தது. மறு வருடமே அதற்கு மருந்தும் கண்டார்கள்: லினோலெயிக் அமிலம். நம் உடம்பால் தயாரிக்க முடியாத கொழுப்பு இது. நல்லெண்ணெயில் தாராளமாக இருக்கிறது.

இனி, அடுப்படிக்கு வருவோம்:

* இரண்டு வயது முடியும்வரை, டாக்டர் சொன்னாலொழிய, குழந்தையின் உணவில் கொழுப்பைக் குறைக்காதீர்கள். பருப்பு சாதத்தில் ஒரு சிறு கரண்டி நெய் இருக்கட்டும்.

* காரட், முருங்கைக்கீரையைச் சிறிது எண்ணெயோடு சமையுங்கள். அவற்றிலிருந்து வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

* பெரியவர்களுக்கு, ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று அளந்து வையுங்கள்.

* பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். வளைந்த வால்கள் சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் கெடும். சிக்கு வாடை வந்துவிட்டால், காசு போனாலும் பரவாயில்லை, கொட்டிவிடுங்கள்!