முகப்பேடில்லாத இசைநூல்

1592 ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஓர் இசைநூல் அச்சேறியது. அதற்கு முகப்பேடில்லை, ஆண்டில்லை, அச்சிட்டவர் பெயருமில்லை. இயற்றியவரின் பெயர் மட்டுமே ஏடுகளிற் காணப்பட்டது. அவர் வில்லியம் பேர்ட். நூலோ, நான்கு குரல்களுக்கென அமைந்த இலத்தீன் பூசையிசை.

மறைவு ஏன்? 1559 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் இலத்தீன் பூசை விலக்கப்பட்டது. கத்தோலிக்கர் செல்வர்தம் இல்லங்களிற் கதவடைத்து வழிபட்டனர். எலிசபெத் அரசியின் அரண்மனை ஆலயத்திற் பணியாற்றிய பேர்ட், தாமும் கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். மறைவாகக் கூடியோர்க்கு உகந்தவாறு சில குரல்களே பாடத்தக்கதாக இவ்விசையை அமைத்தார்.

ஒரு குரல் தொடங்கிய பண்ணை மற்றொன்று ஏற்றுத் தொடர்வதே இதன் முறை. இறுதிப் பகுதி இரு குரல்களில் எழுந்து, மூன்றாகி, சமாதானம் வேண்டுமிடத்து நான்காகின்றது. அங்கே ஒரு குரல் தன் சுரத்தை விட்டு நகரத் தயங்குகின்றது. மற்றதனோடு முரணி, பின்னரே இணங்குகின்றது. இம்முரணும் இணக்கமும் மீண்டும் மீண்டும் வருதலால், அவ்வேண்டுதல் துன்புற்றோர் குரலாகவே செவியில் விழுகின்றது.

பேர்ட் 1623 இல் மறைந்தார். அன்று கதவுக்குப்பின் ஒலித்த அவ்விசை, இன்று இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்களிலும் வெளிப்படையாகப் பாடப்படுகின்றது.