மலைக்குள் தேங்கும் ஆபத்து

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை 2024 ஜூலை 30 அதிகாலையில் நிலச்சரிவு சிதைத்தது. உயிரிழந்தோர் 200-க்கும் மேற்பட்டோர். பெருமழையே காரணம் என்கிறோம். அந்த மழை மலைக்குள் என்ன செய்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

சரிவில் மண்ணை நிலைநிறுத்துவது துகள்களுக்கு இடையிலான உராய்வு. உட்புகும் மழைநீர் துகள்களின் இடைவெளிகளை நிரப்புகிறது. அடியிலுள்ள கெட்டிப் பாறை நீரை எளிதில் உள்வாங்காததால், அதன் மேற்பரப்பில் நீர் தேங்குகிறது. அந்த நீரின் அழுத்தம் துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஈரமண்ணின் எடையோ கூடுகிறது. பிடிப்பை எடை விஞ்சும்போது மலை சரிகிறது. பாறை வெடிப்புகளில் நிறையும் நீரும் பாறைகளை இவ்வாறே நகர்த்துகிறது. எனவே, அன்றைய மழையளவு மட்டுமல்ல, முந்தைய நாள்களில் மண்ணில் ஊறிய நீரும் முக்கியம்.

மழையை நம்மால் தடுக்க இயலாது. ஆனால், சரிவின் அடிவாரத்தை வெட்டுவதையும், நீரோடைகளை அடைத்துக் கட்டடம் எழுப்புவதையும் தடுக்க இயலும். அவற்றின் ஆதாயம் சிலருக்கு. இழப்போ கீழே வாழும் எளிய குடும்பங்களுக்கு. பொருளியல் இதைப் புறவிளைவு என்கிறது. மலையில் கட்டுவோரே வடிகாலுக்கும் செலவிட வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக்குவதே நியாயம்.