வெள்ளை மாளிகையில் நாணய மழை!

1938-ம் ஆண்டு, ஜனவரி மாதம். அமெரிக்க ஜனாதிபதி வசிக்கும் வெள்ளை மாளிகையின் தபால் பிரிவில் ஒரே அமளி!

வழக்கமாக அங்கே நாள் ஒன்றுக்குச் சுமார் 5 ஆயிரம் கடிதங்கள் வரும். திடீரென்று ஒரு நாள் 30 ஆயிரம் கடிதங்கள் வந்தன. மறுநாள் 50 ஆயிரம். அதற்கு அடுத்த நாள் 1½ லட்சம்! தபால் பைகள் மலை போல் குவிந்தன. அரசாங்கக் கடிதம் எது, மற்றது எது என்று தேடி எடுக்க முடியாமல் குமாஸ்தாக்கள் திண்டாடிப் போனார்கள்.

உறையைப் பிரித்தால், உள்ளே சின்னஞ்சிறு வெள்ளி நாணயம்! சிலர் நாணயத்தைக் கேக்குக்குள் வைத்துச் சுட்டு அனுப்பி இருந்தார்கள். சிலர் மெழுகில் பதித்து அனுப்பி இருந்தார்கள்.

அந்த நாணயத்தின் பெயர் "டைம்". டாலரில் பத்தில் ஒரு பங்கு. ரூபாய்க்குப் பத்துக் காசு எப்படியோ, அப்படி.

எதற்காக இத்தனை பேர் அதை ஜனாதிபதிக்கு அனுப்பினார்கள்? குழந்தைகளின் கால்களைக் காப்பாற்றுவதற்காக!

கொடிய நோய்

இளம்பிள்ளை வாதம் என்றால், அந்தக் காலத்தில் தாய்மார்களின் நெஞ்சு நடுங்கும். ஆங்கிலத்தில் அதைப் "போலியோ" என்பார்கள்.

ஓடி விளையாடிய குழந்தைக்குக் காய்ச்சல் வரும். சில நாட்களில் கால் எழும்பாது. அசுத்தமான தண்ணீர், உணவு ஆகியவற்றின் மூலம் வாய் வழியாக உடலில் நுழையும் கிருமி, தண்டுவடத்தில் உள்ள நரம்புகளைத் தாக்குவதால் வரும் வினை இது. மூச்சு விட உதவும் தசைகளைத் தாக்கினாலோ, உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தையை ஒரு பெரிய இரும்புக் கூண்டுக்குள் படுக்க வைப்பார்கள். தலை மட்டும் வெளியே தெரியும். கூண்டுக்குள் காற்றின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் இயந்திரமே மூச்சு விட வைக்கும்.

பணக்காரன், ஏழை என்ற வேற்றுமை இந்த நோய்க்குக் கிடையாது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையே அது விடவில்லை. 1921-ம் ஆண்டில், அவருக்கு 39 வயதானபோது, இரண்டு கால்களும் விளங்காமல் போயின. பிறகு அவர் துணை இல்லாமல் நடக்கவே இல்லை. ஆனாலும் மனம் தளராமல் உழைத்து, 1932-ம் ஆண்டுத் தேர்தலில் வெற்றி பெற்றார்.

தன்னைப் போல் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அவர் விரும்பினார். 1938-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதற்காக ஒரு தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. ரூஸ்வெல்ட்டுடன் முன்பு சேர்ந்து வக்கீல் தொழில் செய்த பேசில் ஓகானர் அதன் தலைவர் ஆனார். ஆனால் பணத்துக்கு எங்கே போவது?

நடிகர் சொன்ன யோசனை

எட்டி கேன்டர் என்பவர் புகழ் பெற்ற சிரிப்பு நடிகர். ரேடியோவில் அவர் பேசினால் நாடே கேட்கும். அவர் ஒரு யோசனை சொன்னார்.

பணக்காரர்கள் சிலரிடம் பெருந்தொகை கேட்பதை விட, எல்லோரிடமும் ஒரே ஒரு டைம் கேட்போம். அதை நேராக ஜனாதிபதிக்கே அனுப்பச் சொல்வோம். இதுதான் அந்த யோசனை.

அப்போது "காலத்தின் அணிவகுப்பு" என்ற செய்திப் படம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டு இருந்தது. ஆங்கிலத்தில் காலத்தைக் குறிக்கும் சொல்லும், நாணயத்தின் பெயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். எனவே கேன்டர் தன் திட்டத்துக்கு "டைம்களின் அணிவகுப்பு" என்று பெயர் சூட்டினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயரை மறக்கவில்லை!

வந்து சேர்ந்த நாணயங்களை எண்ணினார்கள். மொத்தம் 26 லட்சத்து 80 ஆயிரம். அதாவது 2 லட்சத்து 68 ஆயிரம் டாலர்!

விளக்கு எரிந்த வீடுகள்

அது ஒரு வருடத்தோடு நின்று விடவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நிதி திரட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் நாணயம் செருகிச் சேர்த்தார்கள். தியேட்டர்களில் உண்டியல் ஏந்தினார்கள்.

1950-ம் ஆண்டு, பீனிக்ஸ் நகரில் தாய்மார்கள் களத்தில் இறங்கினார்கள். கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் வாசல் விளக்கை எரிய விடுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். குறித்த நாளில், இரவு 7 மணிக்கு வீதி வீதியாக நடந்தார்கள். விளக்கு எரிந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒரே ஒரு மணி நேரத்தில் சேர்ந்த பணம் சுமார் 45 ஆயிரம் டாலர்!

கேட்கிறவருக்கும் கூச்சம் இல்லை. கொடுக்கிறவருக்கும் சங்கடம் இல்லை. இந்த முறை பிறகு நாடெங்கும் பரவியது.

பணம் என்ன ஆயிற்று?

ஒரு பகுதி நோயாளிகளின் சிகிச்சைக்குப் போனது. இன்னொரு பகுதி ஆராய்ச்சிக்குப் போனது. பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் ஜோனஸ் சால்க் தடுப்பு மருந்து தேடிக் கொண்டிருந்தார். அவருக்குக் கைகொடுத்தது இந்த நாணயங்கள்தான்.

1952-ம் ஆண்டில் நோய் உச்சத்தை அடைந்தது. அமெரிக்காவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 58 ஆயிரம் பேரை அது தாக்கியது. 3 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

1954-ம் ஆண்டு, சால்க் மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 18 லட்சம் குழந்தைகள் அதில் பங்கு கொண்டார்கள். பலன் தருமா என்று தெரியாத மருந்துக்குப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள்! நாணயம் கொடுத்ததை விட அது பெரிய கொடை.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி முடிவு வெளியானது. மருந்து பலிக்கிறது! மாதா கோவில் மணிகள் முழங்கின. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு சோகமும் நேர்ந்தது. ஒரு கம்பெனி தயாரித்த மருந்தில் கிருமி சாகாமல் இருந்து விட்டது. அதனால் பலர் முடமானார்கள். சிலர் உயிர் இழந்தார்கள். அதன் பிறகு சோதனை முறைகள் கடுமையாக்கப்பட்டன. ஊசி தொடர்ந்தது. 1957-ம் ஆண்டில் நோய் கண்டவர்களின் எண்ணிக்கை 6 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

நம் வீட்டுக் குழந்தைக்கும்...

டாக்டர் ஆல்பர்ட் சேபின் என்பவர், ஊசி இல்லாமல் வாயில் விடும் சொட்டு மருந்தைக் கண்டுபிடித்தார். அவருடைய ஆராய்ச்சிக்கும் அந்த நிறுவனம் பண உதவி செய்தது. 1995-ம் ஆண்டு முதல் இந்தியா முழுவதும் முகாம்கள் நடத்தி, குழந்தைகளின் வாயில் விட்டது அந்தச் சொட்டு மருந்தைத்தான்.

2011-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, மேற்கு வங்காளத்தில் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு நோய் கண்டது. போலியோ கிருமி இயற்கையாகத் தாக்கிய கடைசி இந்தியக் குழந்தை அவள்தான். 2014-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி, இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வழங்கப்பட்டது.

1946-ம் ஆண்டில் டைம் நாணயத்தில் ரூஸ்வெல்ட்டின் முகம் பொறிக்கப்பட்டது. ஆனால் அந்த நாணயங்களை உறையில் போட்டு அனுப்பியவர்கள் யார் யார்? அவர்களுடைய பெயரைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை.

எங்கோ ஒரு சிறுமி, மிட்டாய் வாங்க வைத்திருந்த காசை உறையில் போட்டிருப்பாள். அவள் முகம் அறியாத நாட்டில், அவள் பெயர் அறியாத குழந்தைகள் இன்று ஓடி விளையாடுகிறார்கள்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பது சும்மா அல்ல!