தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் கிடைத்தால்

1930-ல் சுவா சூ காங் பகுதியில் ஒரு புலி சுட்டுக் கொல்லப்பட்டது. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி அதுதான் என்கிறார்கள். தோட்டமும் காடுமாகக் கிடந்த அந்தக் காலத்தில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. இன்று லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டைக் காலி செய்யும்போது, மறைந்த பெரியவரின் அலமாரிக்குப் பின்னால் துணி சுற்றிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று அகப்பட்டால் என்ன செய்வது?

தொடாதீர்கள். பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு 999-ஐ அழையுங்கள். காவல் நிலையம் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போடுவது, இணையத்தில் விலை பேசுவது, குப்பையில் எறிவது எல்லாமே ஆபத்து.

1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. குறைந்தது 6 பிரம்படி. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை, சிறை உண்டு. துப்பாக்கியின் உதிரி பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. இரண்டுக்கு மேற்பட்ட ஆயுதங்கள் இருந்தால் கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். அதற்கு மரண தண்டனை வரை உண்டு. "அப்பா உயிலில் எழுதிவைத்தார்" என்பது உரிமம் ஆகாது. கண்டவுடன் தெரிவித்தவர் நிலையும், மாதக்கணக்கில் ஒளித்துவைத்துப் பிடிபட்டவர் நிலையும் ஒன்றல்ல. தயங்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகவே போகும்.

என்ன துப்பாக்கி என்று திறந்து பார்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். பல பத்தாண்டு பழைய தோட்டாவும் வெடிக்கக்கூடும். வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசும்போது அடிபடும் 12 போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டு சரியாக அடங்கும் குழல். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழலின் மேல் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கிக் காய்ச்சி அடித்த அந்தக் குழல்கள் பெரும்பாலும் கரும்பொடி மருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்து, தாங்கிப் பிடித்த கை போய்விடலாம். பழைய குழல்கள் பலவற்றில் தோட்டா அமரும் அறை 65 மில்லிமீட்டர்தான். இப்போது வருபவை பெரும்பாலும் 70. பழைய தோட்டா கடையில் கிடைக்காதே, புதியதைப் போட்டுப் பார்ப்போம் என்பது உயிரோடு விளையாடுவது. குழலில் குத்தியிருக்கும் பரிசோதனை முத்திரையைப் படித்துச் சொல்லும் வேலை ஆயுத நிபுணருடையது.

வேட்டையோ, இத்தீவில் பேச்சுக்கே இடமில்லை. வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டு விலங்கைக் கொன்றால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட இனமென்றால் 50,000 வெள்ளி, இரண்டு ஆண்டு. சுடும் ஆசை உள்ளவர்களுக்குப் பழைய சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கிச் சுடும் மையம் இருக்கிறது. வேண்டுமானால் அங்கே முறைப்படி பயிலலாம்.

ஊரில், சிவகங்கையிலோ தஞ்சையிலோ இருக்கும் பூர்வீகத் துப்பாக்கிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமக்காரர் இறந்துவிட்டால் வாரிசுகள் அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகே தங்கள் பெயருக்கு உரிமம் கேட்க வேண்டும். ஒரு தோட்டாவை நினைவுப்பொருளாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு சாங்கியில் இறங்காதீர்கள்; சிங்கப்பூர்ச் சட்டம் தோட்டாவையும் துப்பாக்கியோடு சேர்த்தே பார்க்கிறது.

விசாரணைக்கு அழைக்கப்பட்டால், ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வழக்கு வந்தால், பணவசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கிய அரசின் பொதுத் தற்காப்பு வழக்குரைஞர் அலுவலகத்தில் உதவி கேட்கலாம். விசாரணையில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் கேட்டு, பிழையிருந்தால் திருத்தச் சொல்லிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.