குஷிக்கு ஒரு மாத்திரையா? உஷார்!



சம்சு குடித்தவனை வாடையே காட்டிக்கொடுத்துவிடும். கஞ்சா புகைத்தவனைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இன்று நான் சொல்லவந்த போதை வஸ்துவுக்கு வாடை இல்லை, புகை இல்லை, ஊசி இல்லை. சட்டைப் பொத்தான் அளவில் பச்சை, சிவப்பு, நீலம் என்று பல நிறத்தில் ஒரு மாத்திரை. மேலே ஏதாவது படமும் குத்தியிருக்கும். மிட்டாய் என்று சிறுபிள்ளை வாயில் போட்டுக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. இதன் பெயர் எக்ஸ்டசி.

"அது பட்டணத்துப் பணக்காரன் விவகாரம், தோட்டத்துக்கு என்ன டிரசர்?" என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்ததும் எங்கே போகிறார்கள்? கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் பினாங்குக்கும்தானே! சம்பள நாளில் கூட்டாளிகளோடு ஆட்டம் பாட்டத்துக்குப் போகிறார்கள். அங்கேதான் எவனாவது, "இது சும்மா குஷி மாத்திரை மச்சான், ஒண்ணும் ஆகாது" என்று கையில் வைக்கிறான்.

ஒன்றும் ஆகாதா? 2014 மார்ச் மாதம் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் நடந்த இசை விழாவுக்குப் போனவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். கடைசி நாள் நிகழ்ச்சியே ரத்தானது. 2024 டிசம்பர் 31-ஆம் தேதி பண்டார் சன்வேயில் புத்தாண்டு இசை நிகழ்ச்சிக்குப் போன நால்வர் இறந்தார்கள். எக்ஸ்டசியே காரணமாக இருக்கலாம் என்று போலீஸ் அப்போது தெரிவித்தது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

இந்த மாத்திரையின் மருந்துப் பெயர் எம்.டி.எம்.ஏ. 1912-இல் ஜெர்மனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் முதலில் செய்யப்பட்டது. நம் மூளையில் செரோடோனின் என்றொரு பொருள் இருக்கிறது. மனநிலை, தூக்கம், உடம்புச் சூடு இவற்றைச் சீராக வைப்பதில் அதற்குப் பங்குண்டு. மூளை அதைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கும். இந்த மாத்திரையோ மொத்தத்தையும் ஒரே இரவில் திறந்துவிடுகிறது. அதனால்தான் சந்தோஷம் பொங்குகிறது, களைப்பு தெரிவதில்லை. அதே நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தாடை இறுகிப் பல் நறநறக்கிறது.

முதல் ஆபத்து: சூடு

உச்சி வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்குத் தலை சுற்றினால் நிழலில் உட்காருவான். "போதும், நிறுத்து" என்று உடம்பே சொல்லும். இந்த மாத்திரை அந்தக் குரலை அமுக்கிவிடும். கூட்ட நெரிசலில், புழுக்கத்தில், மணிக்கணக்கில் ஆடிக்கொண்டே இருப்பான். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் தசைகள் உள்ளேயே சிதையத் தொடங்கும். சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போகும். சிறுநீரகம் அடைபடும், இரத்தம் உறையும் முறை கெடும், கல்லீரலும் கெடும்.

இரண்டாவது ஆபத்து: தண்ணீர்

சூட்டுக்குப் பயந்து குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்துதான். இந்த மருந்து சிறுநீரை வெளியே விடாமல் தடுக்கக்கூடியது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி, இரத்தத்தில் உப்பு குறைந்து, மூளை வீங்கிவிடும். 1995-இல் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் பிறந்தநாள் விருந்தில் ஒரே மாத்திரை சாப்பிட்டு, குறுகிய நேரத்தில் ஏராளமாகத் தண்ணீர் குடித்து, இப்படித்தான் மாண்டாள்.

மூன்றாவது ஆபத்து: உள்ளே இருப்பது எது?

திருட்டுத்தனமாகச் செய்யும் மாத்திரைக்கு அளவும் இல்லை, தரமும் இல்லை. எக்ஸ்டசி என்று விற்பதில் 'ஐஸ்' கலந்திருக்கலாம், பி.எம்.ஏ. என்னும் கொடிய விஷமும் இருக்கலாம். பி.எம்.ஏ. மெதுவாகத்தான் ஏறும். "சரக்கு சரியில்லை" என்று இன்னொன்றைப் போடுவான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் நெஞ்சு வியாதி உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

பிழைத்து வந்தவனுக்கும் அடுத்த சில நாள் மனம் இருண்டு கிடக்கும். வேலையில் கவனம் நிற்காது, தூக்கம் வராது.

உடனே செய்ய வேண்டியவை

1. உடம்பு நெருப்பாய்க் கொதித்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், மயங்கினால் 999-க்குக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

2. குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். பனடோல் இந்தச் சூட்டைத் தணிக்காது.

3. மயக்கத்தில் இருப்பவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எலுமிச்சைச் சாறு, பால், கோப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

4. "தூங்கினா சரியாயிடும்" என்று தனியே விட்டுப் போகாதீர்கள்.

5. என்ன சாப்பிட்டான், எத்தனை, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதில்தான் பலர் தவறுகிறார்கள். கூட்டாளிகளுக்குப் போலீஸ் பயம், பிள்ளைக்கு அப்பா பயம். 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை உண்டு என்பது உண்மைதான். ஆனால் வழக்கு வந்தால் வாதாட வக்கீல் இருக்கிறார். உயிர் போனால் யாரிடம் போய் முறையிடுவது?

பெற்றோர்களே! விடுமுறைக்கு வரும் பிள்ளையை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அடிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். "என்ன ஆனாலும் சரி, எந்த நேரமானாலும் சரி, வீட்டுக்குப் போன் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இளைஞர்களே! குஷி வேண்டுமா? பாட்டு உண்டு, பந்து உண்டு, கூட்டாளிகள் உண்டு. முகம் தெரியாதவன் நீட்டும் மாத்திரை மட்டும் வேண்டாம்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்