பத்தாம் வகுப்பில் எந்தக் கணக்கு?

தமிழ்நாட்டுக்கு வெளியே உத்தியோக நிமித்தமாகக் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பல, பிள்ளைகளைச் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திலேயே படிக்க வைக்கின்றன. அடிக்கடி மாற்றலாகிச் செல்வோருக்கு அது வசதியான வழிதான். ஆயினும் கணக்குப் பாடத்தில் அவ்வாரியம் செய்த மாறுதல்களைப் பெற்றோர் பலர் இன்னும் செவ்வனே அறியவில்லை என்பது அன்பர்களுடன் உரையாடும்போது புலனாகிறது. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்குக்கு இரண்டு வினாத்தாள்கள் ஏற்பட்டன. ஒன்று 'ஸ்டாண்டர்டு'; மற்றது 'பேசிக்'. பெயரைக் கேட்டவுடன் பாடமே வேறு என்று எண்ணிவிடுகிறோம். அப்படியன்று. பாடப்புத்தகம் ஒன்றே, வகுப்பில் ஆசிரியர் நடத்துவதும் ஒன்றே, பள்ளி வழங்கும் 20 மதிப்பெண்ணுக்கும் ஒரே முறைதான். 80 மதிப்பெண்ணுக்குரிய பொதுத்தேர்வு வினாக்கள் மட்டுமே பேசிக்கில் எளியவை. பேசிக் எடுத்தால் ஆண்டு முழுவதும் பாரம் குறையும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். குறைவது அந்த மூன்று மணி நேரத்துப் பாரம் மட்டுமே.

மேல்வகுப்பில் கணக்கை நாடாதோருக்காகவே பேசிக் ஏற்பட்டது. தொடக்க விதியின்படி, அதில் தேறியவர் பின்னர் கணிதம் பயில விரும்பினால் ஸ்டாண்டர்டு தாளைத் துணைத்தேர்வில் எழுதித் தேற வேண்டும். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் இவ்விதி தளர்த்தப்பட்டது; பின்னரும் ஆண்டுக்காண்டு அத்தளர்வு நீட்டிக்கப்பட்டது. ஆயினும் தளர்வை நம்பி முடிவு செய்வது உசிதமன்று. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பள்ளியில் கேட்டறிவதே முறை. பையனுக்கு ஸ்டாண்டர்டு, பெண்ணுக்குப் பேசிக் போதும் என்று தீர்மானிக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அதற்கு யாதொரு நியாயமும் நமக்குத் தென்படவில்லை.

பதினொன்றாம் வகுப்பில்தான் பாதை உண்மையாகவே பிரிகிறது. பழைய கணிதத்துடன், 2020-21-ஆம் கல்வியாண்டு முதல் 'அப்ளைடு மாதமேடிக்ஸ்' எனும் பயன்முறைக் கணிதமும் விருப்பப்பாடமாயிற்று. இரண்டையும் ஒருங்கே எடுக்க இயலாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 80 மதிப்பெண்ணில் 35 நுண்கணிதத்துக்கே உரியது. வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் 14 பெறுகின்றன. பயன்முறைக் கணிதத்திலும் நுண்கணிதம் ஓரளவு உண்டு. ஆனால் அதன் சாரம் புள்ளியியல், மாதத் தவணை, தேய்மானம், வரி ஆகியவற்றில் இருக்கிறது. மின்கட்டணச் சீட்டைச் சரிபார்க்கும் கணக்குகூட அதில் இடம்பெற்றது. பிள்ளையின் புத்தகத்தைத் தகப்பனாரும் ஒருமுறை புரட்டலாம்!

வணிகம், பொருளாதாரம் பயில்வோருக்கு இது நல்ல பாடம். மட்டமானதென்று ஒதுக்குவது பேதைமை. ஆனால் பொறியியலை நாடுவோருக்கு இது பொதுவாக உதவாது. நுழைவுத் தேர்வுகள் கேட்கும் வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் இதில் இல்லை. எண்களைக் கண்டும் சிலர் குழம்புகின்றனர். பத்தாம் வகுப்புப் பேசிக்குக்கும் மேல்வகுப்புப் பயன்முறைக் கணிதத்துக்கும் ஒரே குறியீட்டு எண்தான், 241. ஸ்டாண்டர்டுக்கும் பழைய கணிதத்துக்கும் 041.

மாற்றல் உத்தியோகஸ்தர்கள் அஞ்ச வேண்டியது பிறிதொன்று. நாம் அறிந்த ஒரு வீட்டில், மகள் பயன்முறைக் கணிதத்துடன் பதினொன்றாம் வகுப்பை முடித்த சமயத்தில் தகப்பனாருக்கு வேறு நகருக்கு மாற்றல் வந்தது. அங்கு அருகிலிருந்த பள்ளிகளில் அப்பாடம் நடத்தப்படவில்லை. ஓராண்டு படித்ததை விடுத்துப் பன்னிரண்டில் புதிய பாடத்தைத் தொடங்கவும் வழியில்லை. தாயும் மகளும் பழைய ஊரிலேயே ஓராண்டு தங்கினர். தகப்பனார் தாமே சமைத்துண்டு காலங்கழித்தார். மாற்றல் வரக்கூடிய காலம் முன்கூட்டித் தெரியுமானால், செல்லக்கூடிய ஊரின் பள்ளிகளையும் விசாரித்துக்கொள்வது நன்று.

பிள்ளையைத் தாயகத்துக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணுவோர் ஒன்று அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கை, நுழைவுத் தேர்வின்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. மொத்தம் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. ஊரிலிருக்கும் தாத்தா தொலைபேசியில் 'கணக்கில் எத்தனை மார்க்கு?' என்று முதலில் கேட்பதும் நியாயந்தானே!

பத்தாம் வகுப்பில் பெயர் பதியும் முன், பிள்ளை எதை விரும்புகிறது என்று கேட்டபின், தலைமையாசிரியரையும் நேரில் காண வேண்டும். பள்ளியின் மேல்வகுப்பில் எந்தக் கணிதம் உண்டு, எந்தப் பிரிவுடன் அதை எடுக்கலாம், பேசிக் எழுதியவரை ஏற்பார்களா என்பவற்றைக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கி வைப்பது நலம். தலைமையாசிரியர்களும் மாற்றலாகிச் செல்பவர்களே.