துப்பாக்கிக் குழல் முனையில் கை வைக்கும் முன்பு…

பேசின் பிரிட்ஜ் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வியாசர்பாடியில் தொடங்கி பழைய வண்ணாரப்பேட்டை வரைக்கும், லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாலைக்குள் மரை போட்டு, வெல்டு அடித்து, பாலிஷும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாட்டர் பம்ப், படகு எஞ்சின், ஆட்டோ சைலன்சர் எல்லாம் பார்க்கிற கைகள் அவை.

அப்படி ஒரு பட்டறைக்கு யாரோ ஒருவர் வந்து, "அண்ணே, இந்த பைப்போட முனையில வெளிமரை போடணும். இந்த மூடிய மாட்டி வெல்டு வச்சிடுங்க, கழலவே கூடாது" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது துப்பாக்கிக் குழல். அரை மணி நேர வேலைதான், கூலியும் கேட்டதைக் கொடுப்பார்கள். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்காகப் பட்டறைக்காரர் மீதும் கொண்டுவந்தவர் மீதும் வழக்கு வரலாம். குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டுகள். அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

"இவ்வளவு பெரிய தண்டனையா, சும்மா ஒரு மூடிதானே சார்?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி இப்போது அதிகம் எழுவதற்குக் காரணம் நம் கையில் இருக்கும் போன். யூடியூபில் துப்பாக்கி வீடியோ ஒன்றைப் பார்த்தால் அடுத்த பத்தும் அதே மாதிரி வந்து நிற்கும். அவற்றில் பல அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. குழல் முனையில் ஒரு சாதனத்தைப் பொருத்தி, பக்கத்தில் துளை போட்டு, பின் அடித்து, அதன் தலையை வெல்டு வைத்து மூடுகிறார்கள். "இப்படிச் செய்தால் சட்டப்படி சரி" என்றும் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அது அவர்கள் ஊர்ச் சட்டம், அவ்வளவுதான்.

அங்கே 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, குழல் நீளம் 16 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ரைஃபிளுக்குத் தனிப் பதிவு, தனி வரி என்று கெடுபிடிகள் ஏற்பட்டன. குழல் கொஞ்சம் குட்டையாக இருந்தால், முனையில் ஒரு சாதனத்தைக் கழற்ற முடியாதபடி பொருத்தி 16 அங்குலம் வரவழைக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் ஒப்புக்கொள்கிறார்கள். கழற்ற முடியாதபடி என்றால் எப்படி? முழுச் சுற்று வெல்டிங், சுமார் 590 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்று, அல்லது பின் அடித்து அதன் தலையை வெல்டு வைப்பது. இந்த மூன்று வழிகளைத்தான் அந்த வீடியோக்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

நம் நாட்டில் இந்தக் கணக்கு செல்லாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் (1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது), 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இங்கே பேசும். வெல்டு வைத்தால் சரி, திருகி மாட்டினால் தப்பு என்கிற பேச்சே அவற்றில் இல்லை. கேள்வி வேறு மாதிரி வரும்: அந்தப் பொருள் என்ன, அதை வைத்திருக்க உங்களுக்கு உரிமம் உண்டா, அந்த வேலையைச் செய்தவருக்கு உரிமம் உண்டா?

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆயுதச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு 'துப்பாக்கி' என்றால் என்ன என்று சொல்கிறது. பலரும் கவனிக்காத ஒரு வரி அதற்குள் இருக்கிறது. சுடும்போது எழும் சத்தத்தையோ தீப்பொறி வெளிச்சத்தையோ குறைப்பதற்காகச் செய்யப்பட்ட துணைக்கருவியும் 'துப்பாக்கி'தான். அதாவது சைலன்சர் என்று நாம் சொல்கிற அந்த உருளை, துப்பாக்கியே இல்லாமல் தனியாக உங்கள் மேசை இழுப்பறையில் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது ஒரு துப்பாக்கி. வெளிச்சத்தை மறைக்கும் 'ஃபிளாஷ் ஹைடர்' என்ற முனைச் சாதனத்துக்கும் இதே கதிதான்.

அதோடு நிற்கவில்லை. ஆயுத விதிகள் ஆயுதங்களை வகை பிரித்து வைத்திருக்கின்றன. சாதாரணமாக விவசாயிகளும் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கியவர்களும் வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கி மூன்றாவது வகையில் வரும். சத்தம், வெளிச்சம் குறைக்கும் துணைக்கருவிகளோ முதல் வகையில், தடை செய்யப்பட்ட ஆயுதங்கள் இருக்கும் அதே பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே "என்கிட்ட கன் லைசென்ஸ் இருக்கு, அதுக்கு மாட்டுற சாமான்தானே" என்ற வாதம் எடுபடாது. உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் துப்பாக்கிக்கு மட்டும்தான் அந்த உரிமம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை என்று 2019 திருத்தம் சொல்கிறது.

சரி, எல்லா முனைச் சாதனமும் சத்தத்தைக் குறைப்பதில்லையே? உண்மைதான். 'மஸில் பிரேக்' என்ற சாதனம் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுப் பின்னுதைப்பைக் குறைக்கும். சத்தம் குறையாது, பக்கத்தில் நிற்பவருக்குக் காது இன்னும் அடைத்துப்போகும். அது அந்த வரையறைக்குள் வராது என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் அதை மாட்டுவதற்குக் குழல் முனையில் மரை போட வேண்டும், துளை போட வேண்டும், சூடேற்ற வேண்டும். அங்கேதான் 5-ஆவது பிரிவு வந்து நிற்கிறது. துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதிப்பது ஆகிய எதற்கும் அதற்கென்று தனி உரிமம் வேண்டும். லேத் ஓட்டத் தெரிந்தால் போதாது. மாநகராட்சித் தொழில் உரிமம் சுவரில் மாட்டியிருந்தாலும் போதாது.

குழலை வெட்டுவது இதைவிட மோசம். அதற்கென்றே 6-ஆவது பிரிவு இருக்கிறது. உரிமம் இல்லாமல் யாரும் குழலைக் குட்டையாக்கக் கூடாது, பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்கக் கூடாது. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் கூடாது என்று 2019-ல் சேர்த்தார்கள். முனை நசுங்கிவிட்டது, துரு ஏறிவிட்டது, "ஒரு அங்குலம் அறுத்துட்டா போதும்" என்று ஹேக்ஸா எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. உள்ளே வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் (50.8 செ.மீ.) குறைந்தால் அது மூன்றாவது வகையிலிருந்து முதல் வகைக்குத் தாவிவிடும். பிறகு அதன் முனையில் எதை வெல்டு வைத்து நீளத்தை ஈடுகட்டினாலும், வெட்டிய குற்றம் வெட்டிய குற்றம்தான்.

மேலே சொன்ன 7 ஆண்டு முதல் ஆயுள் வரையான தண்டனை இந்த 5, 6 பிரிவுகளை மீறுவோருக்கு உரியது. 2019-க்கு முன்பு இது 3 முதல் 7 ஆண்டுகளாக இருந்தது. பழைய கணக்கிலேயே பேசிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் உண்டு.

பட்டறைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். துப்பாக்கியில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கிரைண்டர் வைத்தோ வெல்டு சூட்டிலோ அது அழிந்துபோனால் 8-ஆவது பிரிவு தனியாக வரும். அழிந்த எண்ணோடு துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஆகவே யாராவது இப்படி வேலையோடு வந்தால், உரிமத்தைக் காட்டினாலும் சரி, "இது எங்ககிட்ட ஆகாது, ஆயுத டீலர்கிட்ட போங்க" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். உரிமமே இல்லாதவர் என்று தெரிந்தால் 112-க்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இனி ஏர்கன். உரிமம் தேவையில்லை என்று நினைத்து இதைத்தான் பலர் வாங்குகிறார்கள். அது பாதி சரி. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் (.177) தாண்டினாலோ, குண்டு வெளியேறும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. கடையில் வாங்கியபோது வரம்புக்குள் இருந்தது, பிறகு ஸ்பிரிங் மாற்றி 'பவர் ஏத்தி'யதில் வரம்பு தாண்டிவிட்டது என்றால், உரிமம் இல்லாத ஆயுதம் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. ஏர்கன்னுக்கு சைலன்சர் மாட்டினால்? சட்டத்தின் வரையறை வெடிமருந்தை மட்டும் சொல்லவில்லை, 'வேறு ஆற்றல்' கொண்டு சுடுவதையும் சேர்த்தே சொல்கிறது. காற்றும் அதில் அடங்கும். அதனால் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சர்வதேச சம்மேளன விதிகளின்படி ரைஃபிள் போட்டிகளில் மஸில் பிரேக், காம்பென்சேட்டர் இரண்டுக்குமே அனுமதி கிடையாது. ஆயுதப் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முனையில் வரும் கூடுதல் குழாய் மாதிரியானவை வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தருவதை, பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு மட்டும் வாங்குங்கள்.

ஆன்லைன் வணிகத் தளங்களில் "கிளீனிங் கிட்", "ஃபில்டர்" என்று வேறு பெயரில் இந்த உருளைகளை விற்பதையும் பார்த்திருப்பீர்கள். பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து ஆயுதமோ அதன் பாகமோ வரவழைக்க 10-ஆவது பிரிவின் கீழ் இறக்குமதி உரிமம் வேண்டும். பார்சலை சுங்கத்துறை பிரிக்கும்போது முகவரியில் இருப்பது உங்கள் பெயர். "எனக்குத் தெரியாது, ஆஃபர்ல வந்துச்சு" என்று சொல்லித் தப்பிப்பது கடினம்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் காயலான் கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இறக்குமதியாகும் பழைய இரும்பில் போர்க்களச் சாமான்கள் கலந்து வருவது புதிதல்ல. 2004-ல் காசியாபாத் அருகே ஒரு இரும்பு ஆலையில் இப்படி வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். குவியலில் குழல் மாதிரியோ ஷெல் மாதிரியோ ஏதாவது கண்ணில் பட்டால், கேஸ் கட்டரை அணைத்துவிட்டு ஆட்களை விலக்கி, உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். எடைக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்று பார்க்க வேண்டாம்.

அப்படியானால் உரிமம் உள்ளவர் துப்பாக்கியில் பழுது வந்தால் என்ன செய்வது? பழுது பார்க்கும் உரிமம் உள்ள ஆயுத டீலரிடம்தான் போக வேண்டும். அவரிடம் உரிமத்தைக் கேட்டுப் பார்க்க உங்களுக்குக் கூச்சமே வேண்டாம். போகும்போது தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியை உறைக்குள் வைத்து, உங்கள் அசல் உரிமத்தையும் கொண்டுபோங்கள். ஒப்படைத்த தேதி, துப்பாக்கி எண், என்ன வேலை என்பதை எழுதி ரசீது வாங்குங்கள். முனையில் எந்த மாற்றமாக இருந்தாலும் வேலைக்கு முன்பே உரிமம் தரும் அதிகாரிக்கு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை மாநகரில் அந்த அதிகாரி காவல் ஆணையர். 2022 முதல் ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனி ஆணையரகங்கள் வந்துவிட்டதால், வடக்கே குடியிருப்பவர்கள் தங்கள் வீடு எந்த எல்லையில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

புதிய உரிமத்துக்கு ஏ-1 படிவம். என்.டி.ஏ.எல்.–ஏ.எல்.ஐ.எஸ். இணையதளத்தில் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். காவல்துறை அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்த பிறகு முடிவுக்கு 60 நாள் என்று விதிகளில் கால வரம்பு உண்டு. உரிமம் இப்போது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தில் தனித்துவ எண் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, பல வீடுகளில் நடப்பது இது. தாத்தாவோ அப்பாவோ இறந்த பிறகு அவருடைய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி பரணில் இருக்கும், முனையில் அவர் காலத்தில் யாரோ எதையோ மாட்டியும் வைத்திருக்கலாம். "கழட்டி எறிஞ்சிட்டு லைசென்ஸ் மாத்திக்கலாம்" என்று நீங்களே ஸ்பேனர் எடுக்காதீர்கள். இருப்பது இருந்தபடியே, அவருடைய உரிமத்தோடு, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ தாமதிக்காமல் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். முனையில் ஏதோ பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு சட்டப்படி வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது உயிரோடு இருக்கும் உரிமதாரர் 70 வயதைத் தொட்டிருந்தாலோ, 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தரும்படியும் கேட்கலாம்.